வீட்டில் ஏழு சாதனம், ரவுட்டரில் பதினான்கு: திருடன் யார்?

தங்கச்சிமடம் கிழக்கு | ஜூன் 14, இரவு 9.50

வீட்டில் போன் நாலு, லேப்டாப் ஒன்று, டிவி ஒன்று, கேமரா பதிவுப் பெட்டி (டிவிஆர்) ஒன்று. மொத்தம் ஏழு. ரவுட்டர் பட்டியலில் பதினான்கு பேர் நிற்கிறார்கள். ஏழு பேர் ஓசி. சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் வீடியோ சுத்திக்கிட்டே இருக்கு.

இதுவரை செய்தது: வைஃபை பெயரை மறைச்சாச்சு. சொன்ன சாதனத்தை மட்டும் உள்ளே விடுற மேக் ஃபில்டர் போட்டாச்சு (போட்டதிலிருந்து பாதி நேரம் என் போனையே உள்ளே விடமாட்டேங்குது). பாஸ்வேர்ட் என் செல் நம்பர், பத்து இலக்கம், யாராலும் ஊகிக்க முடியாது. மாடியில் வைஃபை கொடுக்க ஒரு ஆக்சஸ் பாயின்ட் பெட்டி இருக்கு. அதில் வயர் போட்டு லேப்டாப்பில் பார்த்தாலும் 200 எம்பிபிஎஸ் பிளானுக்கு 94 தான் வருது. மிச்சத்தை எவன் இழுக்கிறான்? எப்படிப் பிடிக்கிறது?

கச்சான் | ஜூன் 14, இரவு 10.35

பட்டியலில் உள்ள மேக் முகவரிகளை, அதாவது ஒவ்வொரு கருவிக்கும் உள்ள அடையாள எண்ணை, பாருங்க. ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு எழுத்து இருக்கும். இடமிருந்து இரண்டாவது எழுத்து 2, 6, A, E இந்த நான்கில் ஒன்றாக இருந்தால் அது கம்பெனி போட்ட முகவரி இல்லை, போன் தானே இட்டுக்கொண்ட பொய் முகவரி. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 வந்ததிலிருந்து போன்களின் வழக்கமே அதுதான். ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் வேறு வேறு முகவரி போட்டுக்கொள்ளும். உங்க ரவுட்டரில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு ஒரு பெயர், 5 கிகாஹெர்ட்ஸுக்கு ஒரு பெயர் வைத்திருந்தால் ஒரே போன் இரண்டு ஆளாகத் தெரியும். நாலு போன், எட்டு பேர்.

டிவியில் வயர் செருகி, வைஃபையும் போட்டு வைத்திருந்தால் அதுவும் இரண்டு. லேப்டாப்பும் அப்படியே. மாடிப் பெட்டிக்கென்று ஒரு முகவரி உண்டு. கூட்டிப் பார்த்துவிட்டு எழுதுங்க.

மறைத்த பெயரை முதலில் திறந்து விடுங்க. ரவுட்டர் பெயரைச் சொல்லாமல் இருக்குமே தவிர, போன் இணையும்போது அந்தப் பெயர் காற்றில் அப்படியேதான் போகும். காதைத் தீட்டி வைத்திருப்பவனுக்கு அது போதும். இன்னொரு வேடிக்கை: மறைத்த பெயரைத் தேடி உங்க போன் போகிற இடமெல்லாம், பாம்பன் பாலத்து பஸ்ஸில்கூட, பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே போகும். மேக் ஃபில்டரும் அதே கதை. முகவரி பூட்டில்லாமல் போகிறது. ஒருவன் அதைக் கேட்டுத் தன் கருவிக்குப் போட்டுக்கொள்ள ஐந்து நிமிடம் ஆகாது. உள்ளே வர முடியாமல் தவிப்பது நீங்க மட்டும்தான்.

கச்சான் | ஜூன் 14, இரவு 10.52

செல் நம்பர் பாஸ்வேர்ட் பற்றி. உண்மையான ஓட்டை அதுதான்.

வைஃபை பூட்டு முறையான டபிள்யூபிஏ2-வில் போனும் ரவுட்டரும் இணையும்போது நான்கு செய்தி மாற்றிக்கொள்ளும். தெருவில் நின்று அதைப் பிடித்துக்கொண்டு போனால், வீட்டில் உட்கார்ந்து ஆற அமர ஊகிக்கலாம். ரவுட்டருக்கு எதுவும் தெரியாது, தப்பான பாஸ்வேர்ட் என்று பூட்டவும் பூட்டாது. நல்ல கிராஃபிக்ஸ் அட்டை ஒன்று வினாடிக்குப் பத்து லட்சம் ஊகம் போடும். பத்து இலக்கம் என்றால் ஆயிரம் கோடி. மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

கச்சான் | ஜூன் 14, இரவு 10.58

மேலே தப்பு. நம்ம செல் நம்பர் 6, 7, 8, 9-ல்தானே தொடங்கும். ஆகவே 400 கோடிதான். 4,000 வினாடி. ஒரு மணி ஏழு நிமிடம். அதுவும் படகிலோ கடை போர்டிலோ அந்த நம்பரை எழுதி வைத்திருந்தால் கணக்கே வேண்டாம்.

ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத நாலைந்து தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் ஒட்டி எழுதுங்க. உலக்கை, பதினேழு, தவளை, ஜன்னல் என்கிற மாதிரி. (இதையே போடாதீங்க, இப்போ ஊருக்கே தெரியும்.) இருபது எழுத்துக்கு மேல் வரட்டும். குறைந்தது 8, அதிகபட்சம் 63. தமிழ் எழுத்திலேயே பாஸ்வேர்ட் வைக்கலாமா என்று அடுத்து கேட்பீங்க. முடியாது.

தொண்டி கிரிம்பர் | ஜூன் 15, காலை 6.20

94-க்கும் திருடனுக்கும் சம்பந்தமே இல்ல தம்பி. வயரு. ஜிகாபிட்டுக்கு, அதாவது 1000 வேகத்துக்கு, லேன் வயர்ல எட்டுக் கம்பியும் உயிரோட இருக்கணும். 1, 2, 3, 6 நாலு மட்டும் இருந்தா ரெண்டு பக்கமும் 100-க்கு இறங்கி ஒத்துப்போயிரும். அதுல சேதாரம் போக கையில நிக்கிறது 94. இந்த நம்பரைப் பார்த்தாலே ரவுட்டரைத் தொடாம, ஜாக்கை அழுத்துற கிரிம்பிங் டூலை எடுக்கலாம்.

மாடிக்குப் போற கேபிள் மொட்டை மாடி வழியாத்தானே போகுது? ஜாக்கைக் கழட்டி வெளிச்சத்துல பிடிச்சுப் பாரு. 4, 5-ல பச்சை பூத்திருக்கும்.

தங்கச்சிமடம் கிழக்கு | ஜூன் 15, இரவு 8.10

எண்ணிப் பார்த்தேன். போன் நாலு, இரண்டு இரண்டாக எட்டு. டிவி இரண்டு, லேப்டாப் இரண்டு, டிவிஆர் ஒன்று, மாடிப் பெட்டி ஒன்று. பதினான்கு. ஒருத்தன்கூட மிச்சமில்லை.

ஜாக்கில் 4, 5 பச்சைதான் அண்ணே. எப்படிச் சரியா அந்த ரெண்டையே சொன்னீங்க? மாடிப் பெட்டிக்கு கரண்டும் அந்த வயரிலேயே போகுது, 24 வோல்ட்.

கச்சான் | ஜூன் 15, இரவு 8.45

அந்த 24 வோல்ட்தான் காரணம். லேன் வயரிலேயே கரண்ட் அனுப்பும் இந்த வகை பிஓஇ-யில் 4, 5 இரண்டும் பிளஸ், 7, 8 இரண்டும் மைனஸ். உப்பு ஈரம் படிந்த இடத்தில் டிசி ஓடினால் பிளஸ் பக்கத்துச் செம்பு கரைந்துகொண்டே போகும். தங்க முலாம் போடும் தொட்டியில் நடப்பதுதான், ஆனால் நமக்கு வேண்டாத திசையில். கரண்ட் ஓடாத வெற்று லேன் வயர் உப்புக் காற்றில் பல மடங்கு தாங்கும்.

ஆனால் கிரிம்பர் அண்ணன் சொன்னதற்கு ஒரு ஒட்டு. ஜாக்கை மாற்றுவதற்கு முன் கீழே இருக்கிற, வயருக்குள் கரண்ட் ஏற்றும் சின்ன இன்ஜெக்டர் பெட்டியில் ‘ஜிகாபிட்’ என்று போட்டிருக்கிறதா பாருங்க. மலிவான 24 வோல்ட் இன்ஜெக்டர் பலதும் டேட்டாவுக்கு நாலு கம்பியைத்தான் விடும், மற்ற நாலும் கரண்டுக்கு. அப்படியானால் தங்கத்தில் வயர் போட்டாலும் 94 தான்.

தொண்டி கிரிம்பர் | ஜூன் 16, காலை 6.05

சரிதான், இன்ஜெக்டரை மறந்துட்டேன்.

ஜாக் மாத்துற முறை. ஜாக்கை மட்டும் வெட்டிட்டுப் புதுசு போடாதே. உப்புத் தண்ணி உறைக்குள்ள ஏறியிருக்கும். ஒரு சாண் ஒரு சாணா வெட்டிட்டே வா, கம்பி புது அஞ்சு பைசா மாதிரி செவக்கத் தெரியற வரைக்கும். நிறவரிசை: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பழுப்பு, பழுப்பு. ரெண்டு முனையிலயும் இதே வரிசை. முறுக்கைப் பிரிக்கிறது அரை இஞ்சுக்கு மேல போகக்கூடாது. நாலைந்து இஞ்ச் பிரிச்சு அழகா சீவி வச்சு கிரிம்ப் பண்றவங்க இருக்காங்க, பார்க்கத்தான் அழகு.

வெட்டின கம்பியைப் பிளேடால சுரண்டிப் பாரு. உள்ளயும் செம்பா இருந்தா சரி. வெள்ளையா மின்னிச்சுன்னா அலுமினியத்து மேல செம்புப் பூச்சு. கடையில கேட்-6னு எழுதித்தான் விப்பாங்க. நம்ம கரையில அது வேணவே வேணாம். பூச்சு கிழிஞ்ச இடத்துல அலுமினியம் வெள்ளை மாவாப் போயிரும்.

கச்சான் | ஜூன் 16, இரவு 9.30

அஞ்சு பைசா அலுமினியம் அண்ணே. செவக்காது.

தொண்டி கிரிம்பர் | ஜூன் 16, இரவு 9.41

சரி, புதுச் செம்பு மாதிரி. வயசு தெரிஞ்சுபோச்சு.

இன்னொண்ணு. வெளியில கேபிள் நுழையிற ஓட்டையை சிலிக்கான் வச்சு அடைப்பீங்க. டியூபைத் திறந்ததும் வினிகர் வாசம் வந்தா அதை வயர் பக்கம் கொண்டு போகாதீங்க. அந்தப் புளிப்பு காயிற வரைக்கும் செம்பைத் தின்னும். வாசம் இல்லாத ‘நியூட்ரல்’ கேளுங்க. கேபிள் உள்ள நுழையிறதுக்கு முன்னாடி ஒரு தொங்கல் விடுங்க, கீழே U மாதிரி. மழைத் தண்ணி அதோட அடியில சொட்டிரும். நேரா இழுத்து விட்டா ஐப்பசி மழை முழுக்க கேபிளைப் பிடிச்சுக்கிட்டு ரவுட்டருக்குள்ள இறங்கும்.

கச்சான் | ஜூன் 18, இரவு 10.15

சாயங்கால மந்தத்துக்கு வருவோம். 2.4-ல் ஒன்றையொன்று இடிக்காத சேனல் 1, 6, 11 மூன்றுதான். நம்ம ஊரில் 13 வரை அனுமதி உண்டு, ஆனால் 3-லோ 8-லோ உட்கார்ந்தால் இரண்டு பக்கமும் இடிபடுவீங்க. அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் என்று கட்டிப் போடுங்க. ‘ஆட்டோ’ என்று விட்டால் பல ரவுட்டர் 40-க்குத் தாவும். தெருவே ஏழு மணிக்கு டிவி முன் உட்காரும்போது அது தனக்கும் உதவாது, அடுத்தவனுக்கும் உதவாது. போனில் வைஃபை அலசும் ஆப் ஒன்றை இறக்கி, சரியாக அந்த ஏழு மணிக்குப் பாருங்க. மத்தியானம் பார்த்தால் எல்லாச் சேனலும் காலியாகத்தான் தெரியும்.

டிவிக்கும் லேப்டாப்புக்கும் 5 கிகாஹெர்ட்ஸ். சேனல் 36, அகலம் 80. 52 முதல் 144 வரை உள்ளவற்றில் ரேடார் சத்தம் கேட்டால் ரவுட்டர் உடனே வேறு சேனலுக்கு ஓடியாக வேண்டும் என்பது விதி. நடுவில் ஒரு நிமிடம் வைஃபையே காணாமல் போகும். அந்தத் தொல்லை 36 முதல் 48 வரை கிடையாது.

சிக்னல் அளவு மைனஸ் 67 டிபிஎம்முக்கு மேல் இருந்தால் வீடியோ ஓடும். மைனஸ் 75-க்குக் கீழே போனால் பாஸ்வேர்டை மாற்றிப் பயனில்லை, ரவுட்டரை நகர்த்தணும். பீரோவுக்குப் பின்னால், பிரிட்ஜ் மேல், சின்டெக்ஸ் தொட்டிக்கு நேர் கீழே வைக்கக் கூடாது. தண்ணீர் சிக்னலைக் குடித்துவிடும். தகரக் கூரை திருப்பி அடிக்கும். ஓலைக் கூரை காய்ந்திருந்தால் ஒன்றும் செய்யாது, நனைந்தால் கொஞ்சம் தின்னும்.

தங்கச்சிமடம் கிழக்கு | ஜூன் 20, இரவு 9.00

இன்ஜெக்டரும் மாற்றி, ஜாக்கும் மாற்றி, மாடியில் இப்போ 190. சேனல் 11-லிருந்து 1. ஏழு மணிக்கும் ஓடுது. டபிள்யூபிஏ3 என்று ஒன்று இருந்தது, அதையும் போட்டுவிட்டேன். டிவிஆர் செத்துவிட்டது.

கச்சான் | ஜூன் 20, இரவு 9.25

சாகவில்லை. அதற்கு டபிள்யூபிஏ3 தெரியாது. 2018-ல் வந்த முறை அது, பழைய பெட்டிகளுக்குப் புரியாது. ‘டபிள்யூபிஏ2/டபிள்யூபிஏ3’ என்று கலந்திருப்பதைத் தேர்ந்தெடுங்க. டபிள்யூபிஏ3-ல் இணையும் போனின் செய்திகளைப் பிடித்துக்கொண்டு போய் வீட்டில் ஊகிக்க முடியாது. கலப்பில் பழைய பெட்டி இன்னும் டபிள்யூபிஏ2-விலேயே பேசும், அதைப் பிடிக்கலாம். அதனால் நீளமான பாஸ்வேர்ட் அப்போதும் வேணும்.

அதே பக்கத்தில் டபிள்யூபிஎஸ் என்று, பாஸ்வேர்ட் இல்லாமல் பின் எண்ணில் இணைக்கும் வசதி இருக்கும். அணைத்துவிடுங்க. எட்டு இலக்க பின் அது. பார்க்கப் பத்துக் கோடி மாதிரி தெரியும். கடைசி இலக்கம் வெறும் சரிபார்ப்பு. மிச்சம் ஏழில், முதல் நாலு சரியா என்று ரவுட்டர் தனியாகவே பதில் சொல்லிவிடும். 10,000-மும் 1,000-மும் சேர்த்து 11,000 முயற்சி. 2011-லேயே வெளியே வந்த சங்கதி, இன்னும் திறந்தே விற்கிற பெட்டிகள் உண்டு. 63 எழுத்துப் பாஸ்வேர்ட் போட்டு இதைத் திறந்து வைப்பது முன்வாசலுக்குத் திண்டுக்கல் பூட்டும் கொல்லைக்குத் தட்டியும் வைப்பது.

கச்சான் | ஜூன் 20, இரவு 9.40

டிவிஆர் என்றதும் நினைவு. அதன் பாஸ்வேர்ட் இன்னும் பெட்டியில் வந்ததேவா? மாற்றுங்க. ரவுட்டர் அட்மின் பாஸ்வேர்டும் அப்படியே. அது வைஃபை பாஸ்வேர்ட் இல்லை, 192.168.1.1 பக்கத்துக்கு உரியது. யுபிஎன்பி (கருவிகள் தாமாக வெளியுலகுக்கு வாசல் திறக்க விடும் வசதி), அதையும் அணைத்துவிடுங்க. டிவிஆரை விருந்தாளி நெட்வொர்க்கில் தள்ளிவிட்டால் இன்னும் நல்லது, ஆனால் அப்புறம் வீட்டு வைஃபையிலிருந்து கேமரா பார்க்க முடியவில்லை என்று இங்கேயே வந்து கேட்பீங்க. பிரித்து வைப்பதன் பொருளே அதுதான்.

அக்னிதீர்த்தம் பக்கம் | ஜூலை 3, பகல் 2.30

ராமேஸ்வரத்தில் பத்து அறை தங்கும் விடுதி. அமாவாசை அன்று மட்டும் ‘ஐபி கிடைக்கவில்லை’ என்று புதுசா வருகிறவர்களுக்கு வைஃபை ஒட்டமாட்டேங்குது. மறுநாள் தானாகச் சரியாகுது. ஆடி அமாவாசை வருது, வழி சொல்லுங்க.

கச்சான் | ஜூலை 3, இரவு 8.20

ஐபி முகவரி, அதாவது ரவுட்டர் ஒவ்வொரு போனுக்கும் தற்காலிகமாகத் தரும் எண், தீர்ந்துபோகிறது. ரவுட்டரில் அதைப் பங்கிடும் டிஎச்சிபி பக்கம் போய்ப் பாருங்க: பலதிலும் 100 முதல் 199 வரை, அதாவது நூறே முகவரி. ஒரு போனுக்குக் கொடுத்ததை 24 மணி நேரம் வேறு யாருக்கும் தராது. விடியற்காலையில் வந்து, 22 தீர்த்தமும் ஆடி, மத்தியானம் கிளம்பிப் போன குடும்பத்தின் முகவரி மறுநாள் வரை பூட்டிக் கிடக்கும். தொடக்கம் 20, முடிவு 250 என்று விரியுங்க. கால அளவை 2 மணி நேரமாகக் குறையுங்க.

விருந்தாளி நெட்வொர்க்கைத் தனியாக, பாஸ்வேர்டோடு வையுங்க. ‘ஏபி ஐசோலேஷன்’ போடுங்க. ஓர் அறைப் போன் அடுத்த அறைப் போனைப் பார்க்காது. பில் போடும் கம்ப்யூட்டரும் பிரின்டரும் ஒருபோதும் அந்தப் பக்கம் வரக்கூடாது.

தேவிபட்டினம் இறால் | ஜூலை 9, இரவு 7.15

வீட்டிலிருந்து 600 மீட்டரில் பண்ணை. மோட்டார் ரூம் கேமராவுக்கு 5.8 கிகாஹெர்ட்ஸ் வயர்லெஸ் இணைப்புப் பெட்டி ஒரு ஜோடி வாங்கிவிட்டேன். நடுவில் சீமைக் கருவேலம். கண்ணுக்கு எதிர்ப்பக்கம் தெரியுது, இணைப்பு விட்டு விட்டு வருது.

கச்சான் | ஜூலை 9, இரவு 9.05

கண்ணுக்குத் தெரிந்தால் போதாது. அலை ஒரு கோடாகப் போவதில்லை, நடுவில் வயிறு பெருத்த சுருட்டு மாதிரி போகும். 5.8-ல் 600 மீட்டருக்கு நடுவயிற்றின் ஆரம் 2.8 மீட்டர். அதில் அறுபது சதவீதமாவது, 1.7 மீட்டர், காலியாக இருக்கணும். கருவேலம் 4 மீட்டர் என்றால் இரண்டு முனையும் 5.7-க்கு மேல். 6 மீட்டர் ஜிஐ பைப் ஆளுக்கொன்று நடுங்க.

தொண்டி கிரிம்பர் | ஜூலை 10, காலை 6.30

பைப்பு வர்றதே 6 மீட்டர்தான். ஒரு மீட்டர் மண்ணுக்குள்ள போயிரும். மேல நிக்கிறது அஞ்சு. ரூம் கூரை மேல சுவரோட கிளாம்ப் போட்டு ஏத்துங்க, இல்ல கருவேலத்தை வெட்டுங்க. வெட்டினா யாரும் அழமாட்டாங்க.

கச்சான் | ஜூலை 10, இரவு 8.00

ஆமாம், மண்ணுக்குள் போவதைக் கணக்கில் எடுக்கவில்லை. கூரைதான் வழி. குளத்துத் தண்ணீரில் பட்டுத் திரும்பும் அலையும் வந்து கலக்கும். தண்ணீர் மட்டம் மாறும்போது சிக்னல் ஏறி இறங்கினால் ஒரு முனையை அரை மீட்டர் உயர்த்தியோ தாழ்த்தியோ பாருங்க. கிளாம்ப், போல்ட் 304 ரக துருவேறா எஃகு போதும்.

கச்சான் | ஜூலை 12, இரவு 10.10

304 போதும் என்றது வீட்டுக்கு. அலைச்சாரல் படும் இடத்தில் 304-லும் டீக்கறை மாதிரி துரு இறங்கும். பண்ணைக்கு 316 ரகம்.

தங்கச்சிமடம் கிழக்கு | அக்டோபர் 21, இரவு 8.30

கரண்ட் போனால் நெட்டும் போகுது. 8,800 எம்ஏஎச் குட்டி யுபிஎஸ் ஒன்று பார்த்தேன். ரவுட்டரும் ஃபைபர் பெட்டியும் சேர்ந்து 12 வோல்ட்டில் 0.8 ஆம்பியர் இழுக்குது. 8,800-ஐ 800-ஆல் வகுத்தால் பதினோரு மணி நேரம். சரிதானே?

கச்சான் | அக்டோபர் 21, இரவு 8.50

அந்த 8,800 உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லுக்கு எழுதினது. 12-க்கு மாற்றினால் 2,700 சொச்சம். மாற்றுவதில் போகிற சேதாரம் கழித்து மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக நிற்கும். வாங்கும்முன் அடாப்டர் முனையைப் பாருங்க: வெளிவிட்டம் பெரும்பாலும் 5.5 மில்லிமீட்டர்தான், உள்துளை 2.1 என்றும் 2.5 என்றும் இரண்டு உண்டு. 2.5 முனையை 2.1 ஊசியில் போட்டால் லொடலொடக்கும், தொட்டால் ரீஸ்டார்ட் ஆகும்.

இடி மழைக்கு யுபிஎஸ் உதவாது. மாடிக்குப் போகிற செம்பு வயரைக் கீழே கழற்றி வையுங்க, அடாப்டரையும் பிடுங்குங்க. ஃபைபர் கண்ணாடி, கரண்ட் கடத்தாது. ஆனால் அதோடு ஒட்டி வருகிற தாங்கு கம்பி பல கேபிளில் இரும்பு. வீட்டுக்குள் வரும் முன் அதைப் பிரித்து வெளிச்சுவர்க் கொக்கியிலேயே நிறுத்தணும்.

தங்கச்சிமடம் கிழக்கு | அக்டோபர் 24, இரவு 9.15

கடைசியா ஒன்று. பெயரை மறைக்க வேண்டாம்னு சொன்னீங்க, சரி, தமிழிலேயே வைப்போம்னு ‘தங்கச்சிமடம்’ அடித்தேன். நீளம் அதிகம்னு சொல்லுது. ஏழே எழுத்துதானே?

கச்சான் | அக்டோபர் 24, இரவு 9.35

வாயால் எண்ணினாலும் எட்டு வரும். ரவுட்டர் எழுத்தை எண்ணாது, பைட்டை எண்ணும். பெயருக்கு 32 பைட் இடம். தமிழில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். புள்ளி தனிக் குறி, கொம்பும் காலும் தனிக் குறி. த, ங, புள்ளி, க, ச, புள்ளி, ச, கொக்கி, ம, ட, ம, புள்ளி. பன்னிரண்டு. 36 பைட். ‘இராமேஸ்வரம்’ 33, ஒரு பைட்டில் தவறும். இ-யை எடுத்து ‘ராமேஸ்வரம்’ என்றால் 30, நுழைந்துவிடும். மண்டபம், பாம்பன், ஏர்வாடி மூன்றும் 21. உங்களுக்கு ‘தங்கச்சி’ 24.

தங்கச்சிமடம் கிழக்கு | அக்டோபர் 24, இரவு 10.05

வச்சாச்சு. எதிர்வீட்டுப் பையன் இப்பத்தான் கேட்டுட்டுப் போறான்: ‘தங்கச்சி’ ஃபுல் சிக்னல்ல இருக்கு அண்ணே, பாஸ்வேர்ட் என்னன்னு.